கேமராவுக்குக் கீழே இருபது கிலோ அரிசி

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அந்த இருபது நாளும் அது சிவந்தபடியேதான் இருந்தது.

நான் பிரகதீஸ்வரி. திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளர். முன்பெல்லாம் அரிசியை நிறுத்துப் போட்டுவிட்டு மெஷினில் பில் அடிப்போம். இப்போது தராசு காட்டும் எடை ப்ளூடூத் வழியாக மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பில் வரும். எடையில் ஏமாற்ற முடியாதாம். சரி, நல்லதுதான். நான் ஒன்றும் ஏமாற்றுகிறவள் இல்லையே.

நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், நான் அரிசி கடத்துவதாக மொட்டைக் கடிதாசி போட்டான். கடையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் மணிவண்ணன் மறுவாரமே ஆள் கூட்டிவந்து தராசுக்கு நேர் மேலே ஒரு கேமராவை மாட்டினார். அதற்கான வைஃபை பெட்டியைத் தராசுக்கு ஒரு முழம் தள்ளி அலமாரியில் வைத்தார்கள். என் கை எங்கே போகிறது என்று இனி ஆபீஸில் உட்கார்ந்தே பார்ப்போம் என்றார், சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து இரண்டு கையையும் மேசைக்கு மேலேயே வைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலுக்குக் குனிந்தால் எதையோ ஒளிக்கிறாள் என்பார்களோ என்று மத்தியானம் வரை தாகத்தோடு நின்றிருக்கிறேன். சொன்னால் வெட்கக்கேடு.

அன்றிலிருந்துதான் தராசும் படுத்தத் தொடங்கியது. மூட்டையை வைத்தால் தராசில் இருபது கிலோ என்று பளிச்சென்று தெரியும். மெஷினிலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு இணைப்பு விட்டுப்போகும். மறுபடி இணைப்பு, மறுபடி கைரேகை. ஒரு கார்டுக்குக் கால் மணி நேரம். வரிசை வாசலைத் தாண்டி வாய்க்கால் மதகு வரை போனது. நடவை விட்டுவிட்டு வந்த பெண்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்? வேண்டுமென்றே இழுக்கிறாள் திருடி என்று மேலத்தெரு அய்யாக்கண்ணு என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

தராசுக் கம்பெனி ஆள் வந்து, தராசில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஆக, குறை என்னிடம்தான் என்று மணிவண்ணன் முடிவு கட்டினார். விநியோகத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தும் என்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டு மெமோ கொடுத்தார். பதில் சொல்ல மூன்று நாள் கெடு. என் சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு வயிறு இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை ஜஸீலா வரிசையில் நின்றாள். கணவர் குவைத்தில். வயரில்லாத இயர்போனை மாட்டிக்கொண்டு அவரோடு பேசியபடியே வந்தவள், தராசருகில் வந்ததும் முகம் சுளித்தாள். விலகி வேப்பமரத்தடிக்குப் போனாள், பேச்சு சரியானது. திரும்பி வந்தாள், மறுபடி கரகரத்தது.

"அக்கா, எங்கயும் நல்லாத்தான் கேக்குது. இங்க வந்தாத்தான் அறுந்து அறுந்து போவுது. போன மாசம் இதே எடத்துல நின்னு பேசுனேனே. புதுசா என்ன வச்சிருக்கீங்க?"

நான் அலமாரியைப் பார்த்தேன். அடுத்த நொடி வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். மூட்டையை வைத்ததும் மெஷினில் எடை வந்துவிட்டது. அடுத்த கார்டுக்கும் வந்தது. பதினோரு கார்டு முடிவதற்குள் மணிவண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். கேமரா அணைந்தது மட்டும் அவர் போனுக்கு உடனே தெரிந்திருக்கிறது.

யாரைக் கேட்டு அணைத்தாய் என்று வரிசைக்கு முன்னால் கத்தினார். நான் பிளக்கைத் திரும்ப மாட்டினேன். என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே போடுங்க சார்."

போட்டார். சக்கரம் சுற்றியது, இணைப்பு விட்டது. மூன்றாவது தடவை, வேண்டுமென்றே இழுக்கிறீர்களா என்று அய்யாக்கண்ணு அவரையே கேட்டார். எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

மணிவண்ணன் கேமரா மாட்டியவனைப் போனில் பிடித்தார். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அலைவரிசையில்தான் பேசும், பெட்டி பக்கத்திலேயே ஓயாமல் கத்தினால் தராசின் சின்னக் குரல் எப்படிக் கேட்கும், தெரிந்த விஷயம்தானே என்றான் அவன். பெட்டியை எதிர்ச் சுவரின் கோடிக்குக் கொண்டுபோகச் சொன்னான். அங்கிருந்தே வைஃபையின் சேனலையும் மாற்றினான். தராசும் ஓடியது, கேமராவும் ஓடியது. ஐந்து நிமிட வேலை. அய்யாக்கண்ணு அரிசியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

கிளம்பப் போன மணிவண்ணனிடம் மெமோவை நீட்டினேன். அதன் நகல் மேலே போய்விட்டது, பதில் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்.

"இருபது நாளா படம் புடிச்சிருக்கீங்கல்ல சார். நான் மெஷினோட மல்லுக்கட்டுனது அதுல இருக்குமே. அதப் பாத்துட்டுத்தானா வேணும்னு செஞ்சேன்னு எழுதுனீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். "யாரும்மா அதையெல்லாம் உக்காந்து பாக்குறா?"

இருபது நாள் தாகத்தை அடக்கி நின்றது யாருக்காக என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெமோவின் வெற்றுப் பக்கம் மேலே தெரிய மேசையில் வைத்து, அதன் மேல் பேனாவை வைத்தேன்.

"இப்ப சொன்னீங்கள்ல, அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுதான் என் பதிலு."

அவர் எழுதும் வரை அடுத்த கார்டைத் தொடமாட்டேன் என்று வரிசையிடம் சொன்னேன். இந்தத் தாமதம் வேண்டுமென்றே செய்ததுதான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார். நான் குனிந்து பாட்டிலை எடுத்து, கேமராவுக்கு நேராக நின்று தண்ணீர் குடித்தேன்.