எலுமிச்சை அத்தையின் ஜவ்வரிசி

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பெண்ணுக்கு முப்பத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, பக்கத்தில் இருக்கும் பாலெல்லாம் திரிய ஆரம்பித்தது. முதலில் திரிந்தது கடை முதலாளியின் டீ. அடுத்தது எதிர்க்கடைக்காரர் அடுப்பில் வைத்திருந்த பாத்திரம். மதியத்துக்குள் அந்த வரிசையில் ஏழு கடைகளிலும் கடுங்காப்பிதான். அடுப்பில் ஏற வேண்டும் என்றுகூட இல்லை, ஃப்ரிட்ஜுக்குள் பிரிக்காத பாக்கெட்டிலேயே திரிந்தது. முதலாளி எதையும் அளந்து பார்க்கிறவர். டேப்பைப் பிடித்துச் சோதித்தபோது நாற்பத்திரண்டு அடிக்குள் அவள் வந்தால் பால் திரிந்தது, நாற்பத்து மூன்றில் திரியவில்லை. தயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாலைத் திரித்துப் பன்னீர்க்கட்டி போடுகிற ஒருவர் வீடு தேடி வந்து, தினமும் சாயங்காலம் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், சம்பளம் தருகிறேன் என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். தெரு அவளுக்கு எலுமிச்சை என்று பேர் வைத்தது, ஒரே மாதத்தில் சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்துபோனது.

இதெல்லாம் பழகிப்போயிருக்கும். ஆனால் அவளுடைய ஒரே அண்ணன் பால் பூத் வைத்திருந்தார். கீழே பூத், மாடியில் வீடு, நடுவில் பதினெட்டுப் படி. விஷயம் தெரிந்த பிறகும் அவள் ஒருமுறை போனாள், அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கை நிறைய மாதுளையோடு. மூன்றாவது படியில் கால் வைப்பதற்குள் கீழே ஆறு கேன் பால் திரிந்து, மூடிகள் ஒவ்வொன்றாகத் தட்டென்று எழும்பின. அண்ணன் கோபக்காரர் இல்லை. படிக்குக் கீழே நின்றுகொண்டு, கொஞ்ச நாளைக்கு வராதே என்று மட்டும் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷம் ஆனது. பெண் குழந்தை பிறந்தது, பல் முளைத்தது, பள்ளிக்கூடம் போனது. எலுமிச்சை அதையெல்லாம் சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தாள். பூத்திலிருந்து அந்த நிறுத்தம் ஐம்பது அடி. மருமகளுக்கு ஒரு கண்ணாடி தேய்த்துக் கொடுக்கும் காலமாவது வராதா என்று ஏங்கினாள். குழந்தைக்கோ கண் படு கூர்மை.

அந்தக் குழந்தைக்குத்தான் எட்டாவது வயதில் பால் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. ஒரு வாய் குடித்தாலும் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. பால்காரர் மகளுக்குப் பால் ஆகாது என்று தெரு ஒரு வாரம் சிரித்து, பிறகு வேறு வேலையைப் பார்த்தது. பிறந்தநாள் நெருங்கியபோது அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவளுக்குத் தெரிந்த இனிப்பு அத்தனையும் பாலில் முளைத்தவை. கடைசியில் ஃபோனை எடுத்தாள்.

"பால் இல்லாம ஒன்பது வருஷம் சமைச்சது நீ ஒருத்திதான். வந்து ஏதாவது செஞ்சு குடு," என்றாள்.

எலுமிச்சை இரண்டு நாள் தூங்கவில்லை. தேங்காய்ப்பால் என்று உடனே தோன்றிவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் தேங்காய்ப்பாலைத் தொட்டதே கிடையாது, கடுங்காப்பியிலேயே காலத்தை ஓட்டியிருந்தாள். அதுவும் திரிந்துவிட்டால் குற்றம் மாட்டிடம் இல்லை, தன்னிடம்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம். அண்ணன் வீட்டு அடுப்படியில் வைத்து அது திரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு படியேறுவது?

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காலையிலேயே பாலை எல்லாம் விற்று முடித்து, கேன்களைக் கழுவிக் கவிழ்த்து, ஷட்டரை இறக்கிவிட்டார். அவள் பதினெட்டுப் படியும் ஏறினாள். ஒன்றும் எழும்பவில்லை. வாசலில் நின்ற குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"நீங்கதான் எலுமிச்சை அத்தையா?"

அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. எலுமிச்சை ஆமாம் என்றாள்.

"எனக்கும் பால் ஆகாது," என்றது குழந்தை, தன் கட்சிக்கு ஆள் கிடைத்த நிம்மதியில்.

ஜவ்வரிசியை அரை மணி ஊறவைத்து, தாராளமாகத் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டாள். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அது மறைந்தால்தான் வெந்தது என்று அர்த்தம். அவள் ஒரு மணியைக் கரண்டியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில், கடையில் லென்ஸ் பார்க்கிற மாதிரியே ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். புள்ளி போயிருந்தது. தேங்காயை அரைத்து முதல் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் தன் முழங்கைப் பக்கம் வைத்துவிட்டு, இரண்டாம் பாலை ஜவ்வரிசியில் ஊற்றி, தீயைச் சிம்மில் வைத்தாள். திரியவில்லை. பக்கத்தில் மாம்பழம் நறுக்கத் திரும்பினாள். நாலு துண்டு போட்டிருக்க மாட்டாள், பாத்திரம் தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எண்ணெய் தனியாக, திப்பி தனியாக, பால் திரிந்து கிடந்தது.

எலுமிச்சை கத்தியைக் கீழே வைத்தாள், கைப்பையை எங்கே வைத்தோம் என்று தேடினாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அழுகையை அடக்கிக்கொண்டு அவள் வாசலுக்குத் திரும்பியபோது அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"தீயைக் கூட்டினது நான். பாலுன்னா பொங்கணும்ல, கை தானா போயிருச்சு."

இருபத்திரண்டு வருஷம் பால் காய்ச்சிய கை. தேங்காய்ப்பாலைப் பொங்கவிட்டால் யார் பக்கத்தில் நின்றாலும் திரியும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம், பழி போகவேண்டிய இடத்துக்குத் தானாகவே போயிருக்கும். ஆனால் அவர் தங்கையின் முழங்கைப் பக்கமிருந்த கிண்ணத்தைக் காட்டினார். கால் மணி நேரமாக அவளை உரசிக்கொண்டு இருந்த முதல் பால் வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

"இது திரியல பாரு," என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "அன்னிக்கே பூத்தைச் சாத்திட்டு உன்ன மேல கூட்டிட்டு வந்திருக்கணும். எனக்குத் தோணல," என்றார்.

எலுமிச்சை அங்கேயே நின்று கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள். அழுது முடித்து ஜவ்வரிசியை வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசினாள். சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சூடு பண்ணி, அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டோமா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். அண்ணனைக் கூடத்துக்கு அனுப்பினாள். அதன் பிறகுதான் முதல் பாலை ஊற்றினாள். மாம்பழத் துண்டு, மாதுளை முத்து, எல்லாம் மேலே மிதந்தன. அண்ணி ஒரு கரண்டி வாயில் போட்டு, வயிற்றில் பாலை வார்த்தாய் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது எலுமிச்சைதான். குழந்தை மூன்று கிண்ணம் சாப்பிட்டது. ஒரு தடிப்பும் இல்லை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் திரிந்த பாலோடு வந்து கதவைத் தட்டினார். அண்ணன் மன்னிப்புக் கேட்டு மறுநாள் இரண்டு பாக்கெட் கொடுத்தார். அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும். தெரு இரண்டு மூன்று மாதம் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. பன்னீர் வேண்டியவர்கள் பாலை வாங்கிப் பூத் வாசலிலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இப்போது குழந்தைக்குப் பதினைந்து வயது, கண்ணாடியும் போட்டாயிற்று, தேய்த்தது அத்தைதான். பூத் பலகையில் விலைக்குக் கீழே அந்த மருமகள் சாக்பீஸால் எழுதிய வரி அழிய அழியத் திரும்ப எழுதப்படுகிறது: ஞாயிறு பால் மதியம் மூன்று மணி வரை மட்டும். அத்தை வருகிறார்.