பச்சைப் பொட்டுகள்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நகர நிர்வாகத்தார் சுவர் நிறைய வரைபடம் மாட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஆறு ஒட்டுப் பொட்டுகள். மரம் வேண்டுமென்றால் பச்சை, பெஞ்சு வேண்டுமென்றால் நீலம். குடியிருக்கும் வீடு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நிறம் ஒதுக்க அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒடெஸா ப்ரூவிட் தன் டாலிவர் தெருவைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது பழைய வீட்டை நெடுஞ்சாலை விழுங்கியது. கறுப்பர் தெருக்களாகப் பார்த்துத்தான் அன்று கோடு போட்டார்கள். அப்பா இரண்டு தெரு தள்ளி இந்த டாலிவரில் கட்டிய வீட்டை, அகலப்படுத்துகிறோம் என்று இப்போது அதே சாலை கேட்கிறது. வரைபடத்தில் நேராக வந்த கோடு கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அவள் சமையலறைமேல் விழுந்தது.

"தம்பி, இங்க மட்டும் ஏன் வளையுது?"

வெள்ளைக்கார இளம் அதிகாரி பணிவாகச் சொன்னான். "அங்க நூறு வருஷத்து ஓக் மரங்க இருக்கு மேடம். காப்பாத்தணும்ல?"

"எங்கப்பா தப்புப் பண்ணிட்டாரு. வீட்டக் கட்டாம நாலு மரத்த நட்டிருக்கணும்."

சுற்றி நின்ற தெருப் பெண்கள் சிரித்தார்கள். ஒடெஸா சிரிக்கவில்லை. தன் பச்சைப் பொட்டுகளை எல்லாம் தன் வீட்டின்மேல் ஒட்டினாள்.

"அடியே, இது அவனுக்குப் புரியுமா?" என்றாள் பக்கத்து வீட்டு லவேர்ன்.

"கண்ணு இருக்குல்ல? புரியும்."

எல்லோரும் ஒட்டினார்கள். அந்தத் தெருவில் சாலை கேட்ட எட்டு வீடுகளும் பச்சைக்குள் மறைந்தன.

அடுத்த மாதக் கூட்டத்தில் புது வரைபடம். ஒடெஸாவின் வீட்டின்மேல் மேம்பாலம். அதன் காலடியில் குட்டிப் பூங்கா, 'மக்கள் விருப்பப்படி'.

"நீங்க கேட்ட மரமெல்லாம் வந்துருச்சு மேடம்!" அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

ஒடெஸா அந்த எழுத்தை மறுபடி படித்தாள். வீட்டையும் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கச் சொன்னது நீதான் என்கிறார்களே! போதகர் சொல்வது மனதில் பட்டால் எழுந்து நிற்பது அந்தத் தேவாலயத்து வழக்கம். அவள் எழுந்தாள்.

"பச்சப் பொட்டு ஒட்டுனவங்கல்லாம் எந்திரிங்க."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாற்பத்து மூன்று பேர் நின்றார்கள்.

"வீட்டு நம்பரச் சத்தமாச் சொல்லுங்க. தம்பி, எழுதிக்க."

அதிகாரி கையிலிருந்த கருத்துப் படிவத்தைப் பார்த்தான். "இந்தப் படிவத்துல அதுக்கு இடமில்லையே மேடம்..."

"பின்பக்கம் எழுது. நானூத்திப் பன்னெண்டு, டாலிவர் தெரு. மரமில்ல. மனுஷி."