மூன்றாவது பை

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். வாயைத் திறந்தால் முதலில் வருகிற சொல் "குறைங்க". மூடி தொலைந்த டப்பாவா, குறைங்க. டப்பா தொலைந்த மூடியா, அதையும் குறைங்க. ஒரு வீட்டில் ஓர் அம்மாள் ஓடாத கடிகாரங்களாக அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, "ஓடாட்டி என்ன, சுவர் நிறைஞ்சிருக்கும்ல?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அவரிடமும் சிரித்த முகமாக, "ஒண்ணை வச்சுக்கிட்டு மிச்சத்தைக் குறைங்கம்மா" என்றான். கம்பெனியில் அவனுக்குப் பெயரே குறைங்கண்ணன். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனுக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவன் சம்சாரத்தோடும் அக்காவோடும் வெளிநாடு போவதென்றால் சும்மா விடுவானா? ஒன்றரை மாதம், ஐந்து நாடு, எல்லாம் ரயிலில். ஆளுக்கு ஒரே ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான். சக்கரம் வைத்த பெட்டி கூடாது, கையில் ஒரு துணிப்பைகூடத் தொங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டான். நீண்ட நாள் வேலை பார்த்ததற்காகக் கம்பெனி கோடையில் மொத்தமாக விடுப்பு கொடுத்திருந்தது. இதை விட்டால் இனி எப்போது?

பயண ஆசை முதலில் வந்தது அவனுக்கல்ல, அக்காவுக்கு. அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டே ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீடுதான் அவள் வீடு. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து தங்குகிறவர்களின் சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். காலர் பட்டையில் தைத்த கடையின் பெயரும் அதற்குக் கீழே ஊரின் பெயரும் இருக்கும். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்து வீட்டில் சொல்லுவாள். "டேய், இன்னிக்கு ஒரு ஊர்ச் சட்டை வந்துச்சு. தையல்னா தையல், அப்படி ஒரு தையல். அந்தக் கடை வாசல்ல போய் ஒரு தடவை நிக்கணும்டா. வாங்க வேணாம், சும்மா நின்னா போதும்." இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவனுக்கும் அந்த ஊர்களெல்லாம் தெரிந்தன. போகிற ஐந்து நாடும் அவள் காலரில் படித்த நாடுகள்தான்.

மூட்டை கட்டுவதிலும் அவள்தான் கெட்டிக்காரி. தம்பி மனைவியை உட்கார வைத்துப் பாடமே எடுத்தாள்.

"இந்தத் துணி வேணாம்மா. பார்க்க லேசு, நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது. இதை எடுத்துக்கோ. சாயங்காலம் அலசி, துண்டுல வச்சுச் சுருட்டி, மேல ஏறி நின்னு ஒரு மிதி மிதி. காலையில போட்டுக்கலாம்."

"அண்ணி, மிதிக்கிற வேலையை உங்க தம்பிகிட்ட விட்டுடலாம். அவர் எடைக்கு அது உடனே காஞ்சிடும்."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு சிரிப்பார்கள். அவனும் வழிந்துகொண்டு சிரிப்பான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒத்திகை பார்க்கலாம் என்று அவன்தான் கிளப்பினான். யார் கேட்டார்கள் அந்த ஒத்திகையை! ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரை போனார்கள். திரும்பும்போது ரயில் அந்தப் பக்கத்து நடைமேடைக்கு மாறிவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அவனும் மனைவியும் ஓட்டமாக ஓடி ரயில் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், அக்கா பாலத்தின் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு காலை எடுத்து வைக்கிறாள், நிற்கிறாள், இன்னொரு காலை எடுத்து வைக்கிறாள். ரயில் அவர்கள் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கடா, முட்டி மக்கர் பண்ணிடுச்சு" என்று சொல்லி, வந்து சேர்ந்தவள் சிரித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தாள். மனைவியும் அவளும் அடுத்த ரயில் வரும்வரை கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் ரயில் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நாட்டிலும் எத்தனை பாலம், எத்தனை படி, எத்தனை ரயில் இப்படிக் கண்ணெதிரே போகும் என்று அவன் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. கணக்கின் முடிவில் நின்றது அந்தச் சொல்தான். குறைங்க.

சே, என்ன மனுஷன் நான் என்று அவனுக்கே கூசியது. கூசியும் என்ன, அந்த வாரமே டிராவல்ஸ்காரரிடம் போய், மூன்று டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டுவிட்டான்.

"அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு சார். நல்லா யோசிச்சுட்டு ஒரு போன் போடுங்க. ரத்து பண்ணிட்டா திரும்பச் சேர்க்க முடியாது" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மென்று முழுங்கிச் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணி இல்லாம நமக்கு இந்த ஊருங்க பேராவது தெரியுமா?"

"அவங்களால முடியாதும்மா. பாதி வழியில முட்டி மடங்கிட்டா யார் பார்க்கிறது? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"யார் நல்லதுக்குன்னு எனக்குத் தெரியும். உங்க அக்கா, உங்க வாய். நீங்களே சொல்லிக்கோங்க. என் தலையில கட்டாதீங்க."

சொல்லியிருக்கலாம்தான். அதற்கு வாய் வர வேண்டுமே! காலையில் சொல்லலாம் என்றால் அக்கா அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். சாயங்காலம் சொல்லலாம் என்றால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "டேய், இந்த ஊர்ல இறங்கினா அந்தத் தையல் கடைக்கு நடந்தே போயிடலாமாம்டா" என்பாள். அவன் "ம்" என்பான். ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் ஈவு இரக்கமில்லாமல் குறைத்தவன், சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடமாடினான்.

டிராவல்ஸ்காரர் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மூன்று பையையும் கூடத்தில் கொட்டிக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்தான். தொழில் பழக்கம் விடாது அல்லவா? கம்பெனியிலிருந்து ஸ்டிக்கர் சுருள்களைக் கொண்டு வந்திருந்தான். பச்சை ஒட்டினால் கூடவே வருகிற சாமான். மஞ்சள் ஒட்டினால் கிடங்கில் இருக்க வேண்டியது. சிவப்பு ஒட்டினால் வேண்டாதது, தூக்கிப் போடலாம். இந்த வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும். பிரிட்ஜில் மீந்ததைக்கூட அக்கா, "இது பச்சையா, சிவப்பாடா?" என்று கேட்டுத்தான் எடுப்பாள்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் பீரோக் கதவு கீறிவிட்டதாம், அவர் கத்து கத்தென்று கத்தினார். இவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சார், சார், கேளுங்க சார்" என்று சொன்னபடியே கையால் ஒட்டிக்கொண்டு போனான். தன் பைக்குப் பச்சை. மனைவியின் பைக்குப் பச்சை. அக்காவின் பைக்கு மஞ்சள். ஒட்டினது அவன் கை. என்ன ஒட்டினோம் என்று பார்க்கக்கூட இல்லை, சிக்னல் சரியில்லை என்று பால்கனிக்குப் போய்விட்டான்.

பேசி முடித்துத் திரும்பி வந்தால், அக்கா தன் பைக்கு முன்னால் நிற்கிறாள். அப்போதுதான் அவனும் பார்த்தான்.

"அக்கா, அது... போன் பேசிக்கிட்டே... தெரியாம ஒட்டிட்டேன்."

அக்கா குனிந்து அந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தாள். உரித்ததைத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

"வேலையைப் பாதியில விட்டுட்டியேடா. பைக்கு மட்டும் ஒட்டினா போதுமா, ஆளுக்கும் ஒட்டணும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரித்துவைத்தான். சமையலறை வாசலில் நின்ற மனைவி சிரிக்கவில்லை.

சாப்பிடும்போது அக்கா தானாகவே ஆரம்பித்தாள். "டேய், நானே சொல்லணும்னு இருந்தேன். முட்டி ரொம்ப வலிக்குது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வரலைன்னு தப்பா நினைச்சுக்காதே."

பொய். ராத்திரியெல்லாம் அவள் விட்ட குறட்டை அடுத்த அறையில் படுத்திருந்தவனுக்குத் தெரியாதா? சொல்லிவிட்டு அவள் தட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அதெல்லாம் முடியாது, நீ வர்ற, நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்' என்று அவன் சொல்ல வேண்டிய இடம் அது. மூன்று பேருக்கும் தெரியும். மனைவி மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"சரிக்கா" என்றான் அவன். "உடம்புதான் முக்கியம்."

"அதான்" என்று சொல்லி அக்கா சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நிமிஷம் அவனுக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. அப்பாடா என்று இருந்தது. தலையிலிருந்து பெரிய பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது, வந்தது போகவே இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில், பேருந்தில் நின்றபடியே டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டு, அக்காவின் டிக்கெட்டை ரத்து செய்துவிடச் சொன்னான். அவர் "யோசிச்சுட்டீங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். "யோசிச்சாச்சு" என்றான்.

அந்த வாரம் அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் இவன் தப்பித்திருப்பான். அவள் தன் பையைப் பிரித்து, துணி காயப்போடும் மெல்லிய கயிற்றையும் சின்னச் சோப்புக் கட்டிகளையும் தம்பி மனைவியின் பையில் வைத்துக்கொடுத்தாள். இவனுடைய சட்டைகளைச் சுருக்கம் விழாதபடி சுருட்டினாள். "அந்தத் தையல் கடை வாசல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா" என்றாள். "கட்டாயம்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கிளம்புகிற சாயங்காலம் டாக்சி வாசலில் வந்து நின்றது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அக்கா கீழே வரை வந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"கிளம்பியாச்சா? சந்தோஷம்! என்னக்கா, நீங்க மட்டும் கையை வீசிக்கிட்டு நிக்கிறீங்க, உங்க பை எங்கே?"

"நான் போகலப்பா."

"போகலையா? அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?" அவர் இவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா சார்? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் அக்கா பையை மாட்டிக்கிட்டு ஏற ஆரம்பிச்சிடுவாங்க. கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ. கனத்துக்கு என்கிட்டதான் பேப்பர் கட்டு வாங்கி உள்ள வச்சுப்பாங்க. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. ஆரம்பத்துல ஒவ்வொரு மாடியிலயும் உட்கார்ந்து உட்கார்ந்து போனாங்க, பார்க்கவே பாவமா இருக்கும். என்னக்கா இதெல்லாம்னு கேட்டா, தம்பிக்கு என்னால ரயில் போயிடுச்சு, இன்னொரு தடவை போகக் கூடாதுன்னாங்க. போன திங்கட்கிழமை திடீர்னு பேப்பரையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நல்லாப் பழகிடுச்சு, இனிமே வேணாம்னு சொன்னாங்க."

"உங்களுக்குக் கடையில வேலையே இல்லையா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே அவரை அதட்டினாள்.

"அக்கா" என்றான் அவன். 'நீயும் வா' என்று கூப்பிட இப்போது அவள் பேரில் டிக்கெட் இல்லை.

"ஏறுடா, வண்டி நிக்குது" என்றாள் அவள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அட, என்னம்மா நீ, ஊருக்குப் போறப்போ" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று சொல்லி அக்கா திரும்பிப் படியேறினாள்.

வண்டி நகரவில்லை. தெருவுக்குள் எதிரே ஒரு லாரி வந்து வழியை அடைத்துக்கொண்டது. மனைவி அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிக் கட்டடத்தைப் பார்த்தான். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்கு ஒரு ஜன்னல் உண்டு.

முதல் மாடி ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. நிற்பாள் என்று பார்த்தான். நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான், அதுதான் உண்மை. ஒரே ஒரு தடவை நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால் போதும், அவன் ஐந்து நாட்டையும் நிம்மதியாகச் சுற்றிவிட்டு வருவான். அவள் நிற்கவில்லை. இரண்டாவது மாடி ஜன்னலைத் தாண்டினாள். லாரி பின்னால் நகர்ந்து வழிவிடுவதற்குள் அவள் மேலே போய்ச் சேர்ந்து, வீட்டுக்குள் விளக்கைப் போட்டுவிட்டாள்.