எழுபத்து நான்கு டிகிரியில் ஒருவர்

எங்கள் தெருவில் மடிக்கணினியின் சூட்டை ஒரு நாளைக்கு மூன்று முறை அளந்து வாசல் கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும். காலை, மதியம், மாலை. எண்பத்தைந்தைத் தாண்டினால் வெப்ப அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலூரில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான். வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, தண்ணீர் மோட்டாருக்கு அடுத்த வரியில்.

என் கணினி ஒழுங்கானது. காலையில் நாற்பத்தெட்டு, மதியம் அறுபத்தொன்று, மாலையில் ஐம்பத்தைந்து. நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. சூடேறும்படி அதில் ஒன்றும் கிடையாது.

எதிர் வீட்டுத் தணிகைநாதனின் கணினி எப்போதும் பத்தொன்பது. தெருவிலேயே குறைவு. அதற்காகவே அவர் இரவும் பகலும் ஏசியைப் பதினாறில் ஓடவிட்டிருந்தார். அலுவலகம் அவருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவர் மனைவி திலகவதி கத்திரி வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டிருப்பார். மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வந்தால் ஒரு மணி நேரம் நிற்பார். வேலையில் மெதுவானவர் என்று நினைத்திருந்தேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் என் கணினி தொண்ணூற்றொன்று காட்டியது. அன்றைக்கு நான் அதைத் திறக்கவே இல்லை.

என் மனைவி மேகலா சமையலறையிலிருந்து வந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள்.

"நான் தொடல" என்றாள்.

நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

கதவில் எண்ணை எழுதினேன். அலுவலகத்துக்குத் தெரிவிக்கப் போனை எடுத்தபோது அழைப்பு மணி அடித்தது. வெப்பக் கண்காணிப்பாளர் கோமளவல்லி நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் தோல் பை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேசைக்குப் போனார். மேசை எங்கே என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

கணினியின் மேல் உள்ளங்கையை வைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தினி நாளா?"

"இப்பத்தான் மேடம். ஃபேன்ல தூசி அடைச்சிருக்கும்."

"தூசின்னு யாரு சொன்னது?"

"சர்வீஸ் கடையில எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க."

"அவன் பேரு?"

தெரியாது என்றேன். தெரியாது என்பதையும் எழுதிக்கொண்டார். பிறகு சின்னத் திருப்புளியால் அடிமூடியைக் கழற்றினார். விசிறியைச் சுற்றி ஒரு முடி சிக்கியிருந்தது. நீளமாக, நரைத்து. அதை இடுக்கியால் எடுத்து ஒரு உறைக்குள் போட்டார்.

"வீட்ல நரைச்சவங்க யாரு?"

"யாருமில்ல மேடம்."

"தொண்ணூறத் தாண்டின வீட்ல எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

கட்டிலில் வைக்கக் கூடாது, அடியில் காற்றுப் போகும்படி தூக்கி வைக்க வேண்டும், தேவையில்லாமல் ஓடுகிறவற்றை நிறுத்த வேண்டும் என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் எழுபத்தைந்துக்குக் கீழே வராவிட்டால் பனிக்கட்டி அறையில் வைத்துச் சீல் வைத்துவிடுவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே போனது எதுவும் மறுபடி ஓடியதில்லை.

அவர் போன பிறகு விசிறியைப் பெயின்ட் பிரஷால் துடைத்தேன். நான்கு மூலையிலும் பாட்டில் மூடிகளை வைத்துக் கணினியை உயர்த்தினேன். எண்பத்தொன்பது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் தெரிந்த பெயர்கள். ஏழாவது வரியில் 'திலகவதி' என்று இருந்தது. நாற்பது சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். கீழே 'முடி' என்ற பொத்தான் தெளிவாக வந்தது. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனேன்.

வெற்றுப் பக்கம் ஒன்று தானாகத் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

*தம்பி, அத அழுத்தாதீங்க.*

கையை எடுத்தேன். இது வைரஸாக இருக்கலாம். மேகலா பக்கத்து அறையிலிருந்து செய்வதாகவும் இருக்கலாம். எட்டிப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

*யாரு நீங்க?* என்று தட்டினேன்.

*எதிர் வீடு. ஜன்னலச் சாத்துங்க. காத்து வருது.*

ஜன்னலைச் சாத்தினேன்.

வியாழக்கிழமை தணிகைநாதன் வந்தார். உள்ளே வரவில்லை. எங்கள் வீட்டுச் சூடு அவருக்கு ஆகாது. வாசலில் நின்றபடி கதவில் இருந்த எண்களைப் படித்தார்.

"எங்க வீட்டம்மாவக் காணோம், சீலன்."

"எப்பலேருந்து சார்?"

"செவ்வாயா இருக்கும். நான் புதன்கிழமதான் கவனிச்சேன். டீ வரல."

என் தோளுக்கு மேலாகக் கணினியைப் பார்த்தார். விசிறி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதைச் சாய்த்தார்.

"உள்ள யாரோ பேசற மாதிரி இருக்கு."

"டாக்டருங்க சார்."

"பொம்பளக் குரலு."

"லேடி டாக்டர்."

தலையாட்டினார். ஆனால் போகவில்லை. கதவில் இருந்த தொண்ணூற்றொன்றை விரலால் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் போனார்.

அடுத்த ஒரு வாரம் எனக்கு அதே வேலையாக இருந்தது. எழுபதுக்குக் கீழே போனால் திலகவதியம்மா நடுங்கினார். எழுத்துகள் இரட்டை இரட்டையாக விழுந்தன. எழுபத்தைந்துக்கு மேலே போனால் சீல். ஒரு படத்தை ஓடவிட்டால் இரண்டு டிகிரி ஏறும். மேசை விசிறியை ஒன்றில் வைத்தால் மூன்று இறங்கும். ஒரு கண்ணை எண்ணிலேயே வைத்துக்கொண்டு டாக்டர்களின் குரலைத் தட்டச்சு செய்தேன். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் எழுபத்து மூன்று என்று அடித்து அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் மறுக்கவில்லை.

எழுபத்து நான்கில் நிறுத்தினேன்.

*இது போதும் தம்பி,* என்று எழுதினார். *ஸ்வெட்டரக் கழட்டிட்டேன்.*

எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது. அவர் என்னை நம்பியிருந்தார். நம்பப்படுகிறவன் கவனமாக இருக்க வேண்டும்.

மேகலா என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் பக்கத்தை மூடினேன். புதன்கிழமை நான் தட்டுவதை வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"யாருகிட்டப் பேசறீங்க?"

"வேலை."

"வேலைகிட்டப் போயி சாப்டீங்களான்னு யாராச்சும் கேப்பாங்களா?"

அவள் மேசையருகே வந்து மூச்சை இழுத்தாள்.

"மஞ்சள் வாசன வருது. நம்ம வீட்டு மஞ்சள் இல்ல."

அன்றிலிருந்து அவள் தனியாக ஒரு காகிதத்தில் சூட்டைக் குறித்துவைத்தாள். என் எண்களும் அவள் எண்களும் ஒன்றாகவே இருந்தன. அதனால் அவள் சந்தேகம் கூடியது.

வெள்ளிக்கிழமை கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மேகலாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை.

வாசலில் இருந்த காவலர் ஆறாம் எண் அறை என்றார். நீண்ட நடைபாதை. நடந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று.

"உள்ள யாரு?" என்றாள் மேகலா.

"யாருமில்ல."

நான்காம் அறைக்குப் பிறகு மறுபடியும் மூன்றாம் அறை வந்தது. நடைபாதையின் கடைசி முனையில் இருந்த ஜன்னல் சிறிதாகியிருந்தது.

"ஃபோன்ல பழக்கமா? பள்ளிக்கூடத் தோழியா?"

"அப்படியெல்லாம் எதுவுமில்ல. வேலைதான்."

ஜன்னல் ஒரு புள்ளியாகியது. எங்களுக்கு முன்னால் போனவர்கள் பெஞ்சுகளில் படுத்திருந்தார்கள். சிலர் தலையணை கொண்டுவந்திருந்தார்கள். துண்டுக்குள் கணினி ஆறிக்கொண்டிருப்பது என் நெஞ்சில் தெரிந்தது. எழுபத்தொன்று இருக்கும்.

நின்றேன்.

"எதிர் வீட்டு அம்மா உள்ள இருக்காங்க."

மேகலா என்னைப் பார்த்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள்.

"எத்தன நாளா?"

"பத்து நாளா."

"எதுக்கு?"

"அங்க குளிருது."

அவள் பத்து நாளாகச் சேர்த்துவைத்ததை மனதுக்குள் வரிசை மாற்றி அடுக்குவது தெரிந்தது.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ நம்ப மாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க என்னை நம்பல. அதச் சொல்லுங்க."

ஆமாம் என்றேன். திரும்பினால் பக்கத்திலேயே ஆறாம் எண் அறை இருந்தது.

உள்ளே கோமளவல்லி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே தணிகைநாதன். ஐஸ்கிரீம் கொண்டுபோகும் பெட்டி ஒன்றில் ஐஸோடு தன் கணினியைப் போட்டு மடியில் வைத்திருந்தார். மேசை மேல் முடி இருந்த உறை.

கோமளவல்லி என் கணினியைத் திறந்து வெப்பமானியை வைத்தார். எழுபத்து நான்கு. முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"சூடு சரியா இருக்கு. ஆனா முடி இருக்கே." இரண்டு தாள்களை எடுத்தார். "ஒண்ணு, உள்ள யாருமில்லன்னு கையெழுத்துப் போடுங்க. உறுதி பண்றதுக்காகப் பனி அறையில வெப்போம். இல்லன்னா, உள்ள இருக்கறவங்க இவருக்குச் சொந்தம்னு போடுங்க. இவரு கணினிக்கு மாத்திடுவோம்."

"பத்தொம்பதுலயா?" என்றேன்.

"சான்றிதழ் வாங்கின கணினி அது" என்றார் தணிகைநாதன்.

எனக்குக் கை வரவில்லை. பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

"அவங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்று கோமளவல்லி தணிகைநாதனிடம் கேட்டார்.

"ஏசி ரிமோட்டு எங்கன்னு தெரியணும். பத்து நாளாத் தேடறேன்."

கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்கள். தணிகைநாதன் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"என்னன்னு ஆரம்பிக்கறது?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் மேகலா.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லயே."

முப்பத்தெட்டு வருடமாக என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ அதையே தட்டினார். *இந்தா.*

மானி எழுபத்து மூன்றுக்கு வந்தது. எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. விசிறி திணறியது. அறுபத்து நான்கு.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றார் கோமளவல்லி.

"நான் ஒண்ணும் பண்ணலயே."

"காத்துப் போற எடத்த மறைக்கறீங்க. தள்ளுங்க."

அவர் நாற்காலியோடு பின்னால் போனார். மானி மெல்ல ஏறியது. அறுபத்தொன்பதில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுபத்து நான்கு. கோமளவல்லி மானியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களைப் பார்த்த அதே பார்வையால் அவரைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

"மூணாவது படிவம் இல்லயா மேடம்?" என்றாள் மேகலா.

"இருக்கு. யாரும் கேட்டதில்ல."

இழுப்பறையின் அடியிலிருந்து அதை எடுத்தார். உடன் வசிப்பவரைச் சேர்க்கும் படிவம். மேகலா என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். பெயர், திலகவதி. வயது, அறுபத்தொன்று. உறவுமுறை என்ற இடத்தில் 'பெரியம்மா' என்று எழுதினாள்.

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"எதிர் வீட்டு வழி" என்றாள் மேகலா.

கோமளவல்லி பதிவேட்டைப் புரட்டினார். அப்படி ஒரு வழி அதில் இருந்தது. முத்திரை வைத்தார். முடி இருந்த உறையை மேகலாவிடம் கொடுத்தார். தணிகைநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப எனக்கு டீ?" என்று கேட்டார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை. அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் போகும்போது ஐஸ் உருகித் தரையில் கோடாகச் சொட்டிக்கொண்டே போனது.

திரும்பி வரும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. மேகலா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணினியைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் அதன் மேல் படும்படி துண்டை விலக்கினாள்.

நடத்துநர் வந்தார்.

"மூணு" என்றாள்.

அவர் எங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். மூன்று டிக்கெட் கிழித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் நம்ம தெரு. தெரியும். பெரியவங்க எங்க எறங்கணும்?"

நானும் மேகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை நாங்கள் திலகவதியம்மாவிடம் கேட்டிருக்கவில்லை. நான் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகலா உறவுமுறையை எழுதியிருந்தாள்.

மேகலா கணினியைத் திறந்தாள். நடத்துநர் விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினார். மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி காத்திருந்தோம்.

நெடுநேரம் கழித்து எழுத்துகள் வந்தன.

*இந்த வண்டி எதுவரைக்கும் போவுது?*

நடத்துநர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயராக நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.