வயலில் இறங்கிய நாட்கள்

ஷிப்லிக்குக் காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். அவன் மனைவி அர்பாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்லத் தைரியம் வரவில்லை.

நானும் ஷிப்லியும் கொழும்பு வெள்ளவத்தையில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்தவர்கள். ஒரே கம்பெனியில் இரவு வேலை செய்தோம். வெளிநாட்டுக்காரர்கள் தொலைபேசியில் திட்டுவதை விடியும்வரை கேட்பதுதான் வேலை. ஜூலையில் நான் விலகினேன். அடுத்த நாள் அவனும் விலகினான். வீட்டில், கம்பெனி கண்டிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது என்று சொல்லிவிட்டு என்னோடு வந்தான். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பெலிஹுல்ஓயா மலைப்பக்கம் ஒரு வயலோரம் கூடாரம் அடித்துக் கிடந்தோம்.

முதல் கிழமை தூங்க மட்டுமே செய்தோம். இருட்டில் தூங்க உடம்புக்கு மறந்துபோயிருந்தது. மீன்டின்னும் பாணும் சாப்பாடு. மலைக்காற்று கூடாரத்தை அறைந்துகொண்டே இருந்தது. பிறகு, நெல் அறுக்க, அரிவி வெட்டுக்கு, ஆள் போதாமல் வயல்காரர் கூப்பிட, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினோம். காலெல்லாம் கீறல். வாய்க்காலில் குளித்தோம். நான் அப்போது எதையும் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நல்லதென்று சொல்ல எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் குளிசை கொடுத்து, பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதிக்கொண்டிருந்தார். ஷிப்லி என்னைக் கூடாரத்துக்குள் இழுத்தான். யாராவது வீட்டுக்குப் போன் எடுத்து விசாரித்தால் அர்பாவுக்குத் தெரிந்துவிடும் என்றான். அவர் போகும்வரை உள்ளே குந்தியிருந்து சத்தமில்லாமல் சிரித்தோம்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை கூடாரத்தைக் கழற்றினோம். ஷிப்லி நேரே வீட்டுக்குப் போகவில்லை. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் கண்டி பஸ் ஒன்று வந்து நிற்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் போனான். அவ்வளவு கவனமானவன். வீட்டுக்குப் போன நாலாம் நாள், காய்ச்சல் என்று செய்தி அனுப்பினான். எலிக்காய்ச்சலோ என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். டெங்குவாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவனுக்கு டெங்கு வரட்டும் என்று ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளவத்தையில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்குதான். அர்பா பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுத்திருக்கிறாள். வெளியூர் போனாரா என்று டாக்டர் கேட்டதற்கு, கண்டியில் பயிற்சி, விடுதியில் தங்கினார் என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

நான் போனபோது அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஷிப்லியின் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"மச்சான், வாயத் தொறந்திராத," என்றான். "டெங்கு எண்டுதான் பாக்குறாங்க. ரெண்டு நாள்ல எறங்கிரும்."

"கால் நோகுதோ?"

"கெண்டக்கால். தொடவே ஏலா."

சிறுநீர் எப்படி என்று கேட்டேன். காலையிலிருந்து கொஞ்சம்தான், பால் விடாத பிளேன்டீ நிறத்தில் என்றான். நான் போனில் வாசித்திருந்த பட்டியல் ஒவ்வொன்றாகச் சரிவந்தது.

"நான் சொல்லப் போறன்."

"சொன்னா அவ உம்மா வீட்டுக்குப் போயிருவா டா. போன தடவையே சொன்னவ, இன்னொரு பொய் எண்டா முடிஞ்சி எண்டு."

அவன் என் சட்டையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. அதைக் கழற்றிவிட்டு டாக்டரின் மேசைக்குப் போனேன். இளம் பெண். அவளிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே எழுந்து என்னையும் கூட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்து, கடைசியாக எந்தத் திகதியில் வயலில் இறங்கினீர்கள் என்று உரத்துக் கேட்டாள்.

அர்பா தண்ணீர்ப் போத்தலோடு நின்றிருந்தாள்.

"எந்த வயல், சாரங்கன்?"

"பெலிஹுல்ஓயா. ஆறு கிழமையும் அங்கதான் இருந்தனாங்கள். கண்டிக்குப் போகேல்ல."

ஷிப்லி கண்ணை மூடிக்கொண்டான். அர்பா போத்தலை அலுமாரியில் வைத்தாள். என்னிடம் திகதியைக் கேட்டு டாக்டருக்குச் சிங்களத்தில் சொன்னாள். காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை தடவை சத்தி எடுத்தான், எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னாள். டாக்டர் புதிய ஊசி எழுதினாள். சிறுநீரகத்துக்கும் இரத்தம் பார்க்க வேண்டும், இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றாள். இப்போது கஷ்டமில்லை என்று சொல்லவில்லை.

"அர்பா..." என்றான் ஷிப்லி.

"இப்ப கதைக்க வாணாம். கைய நீட்டுங்க, ஊசி போட வாறாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் எறங்கினீங்கதானே?"

"ஓம்."

"அப்ப கீழ போய் டெஸ்டுக்கு ரெத்தம் குடுங்க. ஒங்கட அம்மாக்கெல்லாம் என்னால பதில் சொல்லேலா."

போனேன். இரத்தம் எடுத்து முடிப்பதற்குள் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. இன்னும் சிறுநீர் போகவில்லை, பெரிய டாக்டர் வந்திருக்கிறார், நீங்கள் வந்து அவருக்கும் சொல்லுங்கள் என்றாள். குரல், கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது. ஷிப்லி பக்கத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் என்னோடு மட்டும் கதைத்தாள்.

பஞ்சைக் கையில் அழுத்தியபடி படியேறினேன்.