தொட்டியைச் சாய்த்தவர்கள்

வாந்தி எடுத்து முடித்ததும் யெகோர் பசிக்கிறது என்றான். சூப் வந்தது. வேண்டாம் என்றான். கட்டிலில் உட்கார்ந்தான், எழுந்தான், ஜன்னல் வரை நடந்து திரும்பினான். கதிர்வீச்சு பட்டபின் இவ்வளவு சீக்கிரம் வாந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று அந்த மருத்துவமனை அறையில் இருந்த மூவருக்குமே தெரியும். உரால் மலையடியில், வரைபடத்தில் இல்லாத எங்கள் ஊரில், ஆலையைப் பற்றி வீட்டுக்குள்கூடப் பேசக் கூடாது. நானும் அதே ஆலையில் கணக்கிடும் பிரிவில் இருந்ததால்தான் யெகோரின் மனைவி என்று என்னை உள்ளே விட்டார்கள்.

அடுத்த கட்டிலில் தமீர். காலையில் யெகோரை உதவிக்குக் கூப்பிட்டவன் அவன்தான்.

தொட்டியில் இருக்கும் யுரேனியக் கரைசலை மெல்லிய குழாய் வழியாக ஒல்லியான குடுவைகளில்தான் இறக்க வேண்டும். ஒல்லிப் பாத்திரத்தில் அது சாதுவாக இருக்கும். அகலமாக ஓரிடத்தில் திரண்டால் நெருப்பில்லாமலே மூண்டு கதிர்வீச்சைக் கக்கும். ஆனால் மாதக் கடைசி, உற்பத்தி இலக்கை எட்டவில்லை. அவசரத்தில் தொட்டியின் திருகுகளைக் கழற்றிக் கையாலேயே சாய்த்திருக்கிறார்கள், இருவரும் அதை மார்போடு அணைத்தபடி. நீல வெளிச்சம் ஒன்று வந்து போயிற்று.

"டேய், நம்ம மூஞ்சியப் பாரு. கருங்கடல் கரையில ஒரு மாசம் வெயில் காஞ்ச மந்திரிங்க மாதிரி இருக்கோம்," என்றான் தமீர்.

யெகோர் சிரிக்கவில்லை. "ரிம்மா, நீ கணக்குக்காரி. நான் போற வரைக்கும் அது சும்மாதானே கிடந்துச்சு?"

"சாய்ச்சப்போ ஒரு பக்கமா திரண்டுடுச்சு."

"அது பாதி. மீதியச் சொல்லு."

மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். கரைசலை மூட்டுபவை நியூட்ரான்கள்; தப்பியோடும் அவற்றைத் தண்ணீர் உள்ளேயே திருப்பி அனுப்பும்.

"பக்கத்துல ஆள் நின்னா, உடம்பு திருப்பி அனுப்பும்," என்றேன்.

"ஒரு ஆள் நின்னா போதுமா?"

"கணக்குப் போட்டுப் பாக்கணும்."

"போட்டுட்டே. உன் முகத்துலயே இருக்கு."

தமீர் இப்போது என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். பொய் சொல்லியிருந்தால் அவனுக்கு நல்லது. ஆனால் யெகோர் என்னிடம் கடைசியாகக் கேட்பது இதுவாகவே இருக்கலாம்.

"ரெண்டு பேர் வேணும்," என்றேன்.

"நான் உன்னைக் கூப்பிடாம இருந்திருந்தா..." என்று தொடங்கினான் தமீர்.

"வாய மூடுடா."

யெகோர் மறுபடி ஜன்னலுக்கு நடந்தான். தமீர் வீங்கிச் சிவந்திருந்த கையைக் கட்டில்களுக்கு நடுவே நீட்டினான். திரும்பி வந்த யெகோர் அதன் முன்னால் நின்றான், உட்காராமலும் விலகாமலும்.