பூசணிக்கொடிக்குப் போட்ட வலை

போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, புருஷன் தேவேந்திரன் எப்படியோ உயிரோடு கரையேறியபோது, கஸ்தூரி கங்கையம்மனிடம் வேண்டிக்கொண்டாள். புதுப் படகு இறங்கும் அன்றைக்குத் தன் கையால் வளர்த்த பூசணியைத்தான் சுற்றி உடைப்பதாக. பொன்னேரிச் சந்தையில் பூசணி மலிந்து கிடக்கிறது. ஆனால் சாமியிடம் சந்தைக் காயைச் சொல்லவில்லையே!

இப்போது படகு தயார். வெள்ளிக்கிழமை இறக்குகிறார்கள். கொல்லைக் கொடியில் பிடித்திருந்ததோ ஒரே பிஞ்சு. அந்தக் கொடியிலா சாம்பல் நிறப் பூச்சி ஏற வேண்டும்? அது சாற்றை உறிஞ்ச உறிஞ்ச, இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன.

பூச்சி வெளியிலிருந்துதானே வருகிறது என்று பழைய இறால் வலையை எடுத்துக் கொடி முழுக்கப் போர்த்தினாள். காற்றில் பறக்காமலிருக்க உடைந்த படகுப் பலகையை ஓரத்தில் ஏற்றினாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அதற்குப் பிறகுதான் கொடி பாதி வாடிப்போனது.

பக்கத்து வீட்டு நாகம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "வலைக்காரன் வூட்டுப் பொண்ணாடி நீ? உள்ள கீறதுங்க மேல வலை போட்டா, அதுங்க எங்கடி போவும்?"

கஸ்தூரி அவசரமாகக் கொடியருகே குந்தினாள். வலையை உருவி இலையைத் திருப்பினால், அடியில் செம்பு நிற முட்டைகள். பலகையைத் தூக்கினால், அங்கே பூச்சிகள் கும்பலாக அப்பிக் கிடந்தன. ஒதுங்குவதற்கு அவளே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாள்! அழுகை முட்ட, செருப்பால் நசுக்கினாள். நாற்றம் குடலைப் புரட்டியது. முட்டைகளை நகத்தால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். தப்பியவை இங்கேதானே ஒதுங்க வரும், காலையில் பிடித்துவிடலாம் என்று பலகையை மறுபடி அங்கேயே போட்டுவைத்தாள்.

"ஒரு காய்க்கு இன்னாத்துக்குமே இம்மாம் அலட்டல்? மார்க்கெட்ல வாங்கிக்கலாம்," என்று தேவேந்திரன் சிரித்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரில் விழுந்தவன் அவன், பயம் மட்டும் அவளுக்கா?

வியாழக்கிழமை விடிந்ததும் கொல்லைக்குப் போனாள். பலகை ஏற்கெனவே புரண்டு கிடந்தது. சோப்புத் தண்ணீர் மக்கோடு தேவேந்திரன் குந்தியிருந்தான். பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தான். பிஞ்சு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"நாளிக்குப் படகு எறங்காதுமே," என்றான், தலை நிமிராமல். "பெயின்ட் காயலன்னு பசங்க கையில சொல்லிட்டேன். இந்தக் காய் முத்தட்டும்."

பெயின்ட் காய்ந்து வெகுநாளாகிறது. கஸ்தூரியே தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கும் பயமாத்தான்மே கீது," என்றான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த இலையைத் திருப்பினாள். அடியில் இன்னும் முட்டைகள் இருந்தன.